கான்பெராவில் இரண்டரை நாள்: கார் இல்லாமல் முடியுமா?

அரியலூர்ப் பாட்டி எழுதியது:

வணக்கம். சிட்னியில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறோம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் எட்டு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு கான்பெராவைப் பார்த்துவரலாம் என்று எண்ணம். வியாழன் மதியம் சேர்ந்து, சனிக்கிழமை இரவு திரும்ப வேண்டும். மகளும் மருமகனும் வேலையை விட்டு வர முடியாது. சனிக்கிழமை மட்டும் மருமகன் காரோடு வந்து சேர்ந்துகொள்வார். அதுவரை நான், வீட்டுக்காரர், பேரன் மூவர்தான்.

வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலும் வலி. தட்டையான தரையில் பத்து நிமிடம் நடப்பார், பிறகு உட்கார இடம் தேடுவார். பேரனுக்கு எந்த இடமும் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் நாடாளுமன்றம், நூலகம், ஓவியக்கூடம் எல்லாம் ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. நடந்தே பார்த்துவிடலாமா? பஸ் வசதி எப்படி? இரண்டரை நாளில் எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது? குளிர் எவ்வளவு இருக்கும்? அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சிட்னிவாசி எழுதியது:

அம்மா, ஒரு நாளே அதிகம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அகலமான சாலை, அதன் இரு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் ஓர் அரசாங்கக் கட்டடம். மறுபடி சாலை, மறுபடி மரம். மாலை ஐந்தரைக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காலையில் காரில் போய் நாடாளுமன்றத்தையும் போர் நினைவகத்தையும் பார்த்துவிட்டு இரவே சிட்னிக்குத் திரும்பிவிடுங்கள். அறை வாடகையாவது மிச்சமாகும்.


ஓய்வுபெற்ற ஓட்டுநர் எழுதியது:

தங்கச்சி, மேலே எழுதிய தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஊரைத் தரையில் நின்று பார்த்திருக்கிறார். இந்த ஊரைத் தரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். 22 வருடம் இங்கே நகர பஸ் ஓட்டினேன். வந்து இறங்கிய முதல் கிழமை, வழியில் போன ஒருவரிடம் "நகரத்துக்கு எப்படிப் போவது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீ நிற்பதுதான் நகரம்" என்றார். என்னைச் சுற்றிப் புல்லும் யூக்கலிப்டஸ் மரங்களும்தான் நின்றன.

இது வளர்ந்த ஊர் இல்லை, வரைந்த ஊர். தலைநகரம் சிட்னிக்கா மெல்போர்னுக்கா என்ற இழுபறியில், இரண்டுக்கும் இல்லாமல், நியூ சவுத் வேல்ஸுக்குள் ஆனால் சிட்னியிலிருந்து நூறு மைலுக்குக் குறையாத தூரத்தில் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். 1908இல் இந்த இடத்தைத் தெரிவுசெய்தார்கள். உலகப் போட்டி வைத்து 1912இல் பரிசு கொடுத்தது சிகாகோ கட்டடக் கலைஞர் வால்டர் பர்லி கிரிஃபினுக்கு. படங்களை வரைந்தவர் அவருடைய மனைவி மேரியன் மஹோனி கிரிஃபின். இரண்டு பேரும் அதுவரை இந்த மண்ணை மிதித்ததே இல்லை. உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, மலைக்கு மலை கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு இன்றும் அப்படியே கிடக்கிறது. அதை மேலேயிருந்து பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் எய்ன்ஸ்லி மலை. 840 மீட்டர் சொச்சம் உயரம், உச்சிவரை கார் போகும், ஏற வேண்டியதில்லை. பஸ்தான் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், இதற்கு மட்டும் டாக்ஸிக்குக் காசு கொடுங்கள். வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கெல்லாம் மேலே இருங்கள். ஜூலையில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும். டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு அந்த உச்சியில் வாகனம் கிடைக்காது, காற்றும் காதை அறுக்கும்.

இரண்டாவது விஷயம், வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் விரற்கடை அளவு தெரிவது நடக்கும்போது கால் மணி நேரம். நகர மையத்திலிருந்து பாலம் தாண்டிப் பாராளுமன்றம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அண்ணருடைய முழங்காலுக்கு அது சரிப்படாது. ஆனால் ஏரியின் தென்கரையில் ஒரு வரிசை இருக்கிறது: தேசிய நூலகம், குவெஸ்டகான் அறிவியல் கூடம், உயர் நீதிமன்றம், உருவப்படக் கூடம், தேசிய ஓவியக்கூடம். இவை ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டர்தான், தரையும் மட்டமானது. ஒரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி மறுமுனையில் ஏறுங்கள், ஒருபோதும் திரும்பி நடக்காதீர்கள். வெள்ளிக்கிழமையை இதற்கே வையுங்கள். குவெஸ்டகானுக்குக் கட்டணம் உண்டு, மற்றவற்றில் பொதுக் கூடங்களைப் பார்க்கக் காசு இல்லை. பாட்டனுக்கு உட்கார ஆசனமும் பேரனுக்கு ஓட இடமும் எல்லாவற்றிலும் இருக்கும்.

ரயிலில் வராதீர்கள். நாளுக்கு மூன்றோ என்னவோதான், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அதோடு புகையிரத நிலையம் நகருக்கு வெளியே கிங்ஸ்டனில் கிடக்கிறது. நகர மையத்துக்கும் ஒரு காலத்தில் தண்டவாளம் போட்டார்கள். 1922 வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனது, போனது போனதுதான். நூறு வருடம் ஆகிறது. சிட்னியிலிருந்து வரும் பஸ் மூன்றரை மணி நேரத்தில் நகர மையத்திலேயே இறக்கிவிடும்.

சனிக்கிழமை மருமகன் கார் ஓட்டும்போது ஒன்று சொல்லிவையுங்கள். பாராளுமன்றக் குன்றைச் சுற்றி வட்ட வீதி ஓடுகிறது. வெளியேறும் வழியைத் தவறவிட்டால் மறுபடி முழுச் சுற்று. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், காமன்வெல்த் அவென்யூவுக்குத் திரும்பாமல் விட்டு, முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டு குன்றை இன்னொரு முறை வலம் வந்தேன். இறங்கும்போது ஒரு வெள்ளைக்கார அம்மா, "இரண்டாவது சுற்றுக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

குளிர்: பகலில் பத்துப் பன்னிரண்டு பாகை, இரவில் பூச்சியத்துக்குக் கீழே. காலையில் கார்க் கண்ணாடி பனிக்கட்டி பூத்திருக்கும். அவசரத்தில் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் என் கண் முன்னாலேயே ஊற்றினார்.


அரியலூர்ப் பாட்டி எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. டாக்ஸிக்கு வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். அதுவே பெரிய விஷயம். சில சின்னக் கேள்விகள். பஸ்ஸில் டிக்கெட் எங்கே வாங்குவது? டிராம் இருக்கிறதாமே, அதில் நாடாளுமன்றம் போக முடியுமா? சபை நடப்பதைப் பேரனுக்குக் காட்ட முடியுமா? கோயில் ஏதேனும் உண்டா? ஆடி வெள்ளி வருகிறது.


ஏரிக்கரை மாணவி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இங்கே படிக்கிறேன், கார் கிடையாது, மூன்று வருடமாகச் சமாளிக்கிறேன்.

டிக்கெட் தனியாக வாங்க வேண்டாம். வங்கி அட்டையை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கருவியில் காட்டினால் போதும். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. டிராம் 2019இல் வந்தது. வடக்கே குங்காலினிலிருந்து நகர மையம்வரை 12 கிலோமீட்டர், அதோடு சரி. ஏரியைத் தாண்டி நீட்டும் வேலை நடக்கிறது. எனவே நாடாளுமன்றத்துக்குப் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை சேவை குறைந்துவிடும், நல்ல வேளை நீங்கள் அதற்குள் கிளம்பிவிடுகிறீர்கள். அறையை நகர மையத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று வெளிப்புறத்தில் எடுத்தால் மிச்சப்படுத்தியது டாக்ஸிக்குப் போய்விடும். என் பெற்றோர் வந்தபோது நான் செய்த தவறு இது.

ஜூலையில் பொதுவாக நாடாளுமன்றக் கூட்டம் இராது. பேரனுக்கு அதில் இழப்பில்லை, சபை நடக்கும்போது வாய் திறக்காமல் உட்கார வேண்டும். கூட்டம் இல்லாத நாளிலும் உள்ளே விடுவார்கள், பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. நுழைந்ததும் முன்மண்டபத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாக 48 பளிங்குத் தூண்கள். எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், பத்து நிமிடம் ஓடிவிடும். லிப்டில் கூரைக்கே போகலாம். கூரை முழுக்கப் புல். தலைக்கு மேல் 81 மீட்டர் கொடிக்கம்பம்.

இன்னொன்று. நீங்கள் அரியலூர் என்பதால் சொல்கிறேன். தேசிய ஓவியக்கூடத்தில்தான் ஸ்ரீபுரந்தான் நடராசர் இருந்தார். 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினார்கள். பிறகு அது கோயிலில் திருடிய சிலை என்று தெரியவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள் அடையாளம் காண உதவின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்குப் போனபோது கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். 2021இல் ஆடும் சம்பந்தர் உட்பட இன்னும் 14 பொருள்களைத் திருப்பித் தருவதாக ஓவியக்கூடம் அறிவித்தது. நடராசர் இப்போது இங்கே இல்லைதான். என்றாலும் உங்கள் ஊர்க்காரர் தங்கியிருந்த இடம்.

குவெஸ்டகானில் செங்குத்துச் சறுக்கு ஒன்று உண்டு. பேரன் அதை விட்டு வர மாட்டான், கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.


ஓய்வுபெற்ற ஓட்டுநர் எழுதியது:

பிள்ளை விவரமாக எழுதிவிட்டது. பஸ் இலக்கம் நான் சொல்ல மாட்டேன், என் காலத்து இலக்கங்கள் எல்லாம் மாறிவிட்டன. கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில்: தெற்கே மாவ்சனில் விஷ்ணு சிவன் கோயில், அதை ஒட்டிய டோரன்ஸில் முருகன் கோயில். நடை திறக்கும் நேரத்தை முதலே கேட்டுக்கொண்டு போங்கள்.

சனிக்கிழமை கார் இருப்பதால் டிட்பின்பில்லாவுக்குப் போங்கள். முக்கால் மணி நேர ஓட்டம், பஸ் எதுவும் போகாது. வேலிக்குள் அடைக்காத கங்காருவும் ஈமுவும் அங்கே. போகும் வழியில் நாசாவுக்காக நடத்தப்படும் விண்வெளித் தொடர்பு நிலையம். 70 மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சூரியக் காற்று எட்டும் எல்லையைத் தாண்டிவிட்ட வாயேஜர் 2 விண்கலத்துக்குக் கட்டளை அனுப்பக்கூடியது அது ஒன்றுதான். அனுமதி இலவசம், கைப்பேசியை மட்டும் அணைக்கச் சொல்வார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். மைம்மல் நேரத்தில் கங்காரு வீதிக்குப் பாயும். பாய்ந்தால் நேரே பிரேக் பிடிக்க வேண்டும், ஸ்டீயரிங்கை வெட்டக்கூடாது.

நேரம் போதாவிட்டால் பழைய பாராளுமன்றத்தை உள்ளே போய்ப் பார்க்காமல் விடலாம். ஆனால் அதன் முன்னால் புல்வெளியில் நிற்கும் பழங்குடியினர் கூடாரத் தூதரகத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். 1972இல் நில உரிமை கேட்டு ஒரு கடற்கரைக் குடையை நட்டுத் தொடங்கிய போராட்டம் அது. கிரிஃபினின் நேர்க்கோட்டில், அவர் வரையாத ஒன்று.

சிட்னித் தம்பிக்கு ஒரு செய்தி: இந்த ஊரை வரைந்த கிரிஃபின் 1937இல் செத்தது நம்முடைய லக்னோவில். கல்லறையும் அங்கேதான். அவர் வரைபடத்தில் போட்ட ஏரி வெட்டி நிறைந்தது 1964இல். மனிதர் தன் ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு முறை பார்த்தும் அலுப்பு என்கிறீர்கள்.


அரியலூர்ப் பாட்டி எழுதியது:

போய்வந்துவிட்டோம். சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும் அல்லவா.

வியாழன் மாலை நான்கே காலுக்கு எய்ன்ஸ்லி உச்சி. கீழே போர் நினைவகத்தின் செம்புக் கூரை, அதிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு பட்டை ஏரிவரை, ஏரிக்கு அப்பால் வெள்ளையாகப் பழைய நாடாளுமன்றம், அதன் தலைக்கு நேர் மேலே புதியது, உச்சியில் கொடி. எல்லாம் நூல் பிடித்ததுபோல் ஒரே நேரில். வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராஜகோபுர வாசலில் நின்று பார்த்தால் கொடிமரம் தெரியும், அதன் வழியே கருவறை விளக்குத் தெரியும், அந்தக் கணக்குத்தான் இது" என்றார். டாக்ஸி ஓட்டுநர் பஞ்சாபி. இறங்கிவந்து எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வரிசை அண்ணா சொன்னபடியே. ஒரே ஒரு தவறு: ஏறும்போது அட்டையைக் காட்டிய நான் இறங்கும்போது மறந்துவிட்டேன். சறுக்கில் பேரன் பதினோரு முறை இறங்கினான். எண்ணியது நான். ஓவியக்கூடத்து வாசலுக்கு வரும்போது மணி மூன்று. வீட்டுக்காரர் அதுவரை ஐந்து இடத்தில் உட்கார்ந்து எழுந்திருந்தார்.

மாணவி எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை, உள்ளே போனதும்தான் சொன்னேன். அவர் பிறந்தது ஸ்ரீபுரந்தானுக்குப் பக்கத்துக் கிராமம். சிறு வயதில் மாடு மேய்க்கப் போகும்போது அந்தக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். வௌவால் நாற்றமும் இருட்டும்தான் நினைவு என்றார். இருட்டுக்குள் தூக்கிய கால் மட்டும் தெரியுமாம்.

நடராசர் எந்த இடத்தில் நின்றார் என்று பேரனை விட்டு ஒரு பணியாளரிடம் கேட்கச் சொன்னார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறதாம், தெரியவில்லை. பேரன், "எப்படி நிற்பார் தாத்தா?" என்று கேட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் ஒற்றைக் காலைத் தூக்கி நின்றான். வலது கால். "அது இல்லடா, இடது" என்று சொன்னவர், கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு, தானே இடது காலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விநாடி இருக்கும். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பணியாளர் நாற்காலி எடுக்க ஓடினார்.

இரவு அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, தைலம் தேய்த்தது நான்தான். அதனால் சனிக்கிழமை டிட்பின்பில்லாவுக்கு மருமகனும் பேரனும் மட்டும் போனார்கள். நாங்கள் இருவரும் டாக்ஸி பிடித்து முருகனைப் பார்த்துவிட்டு வந்தோம்.